மீன் இல்லாத கண்மாய்க்கு ஒரு வழிகாட்டி

"மீன் இல்லை, மாமா." இந்த மூன்று சொற்களைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஐந்தரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். அப்போதும் நான் சொல்லவில்லை. ஆடு மேய்க்க வந்த ஓர் அக்காதான் சொன்னார். அதற்குள் என் சொந்த அக்காவின் கல்யாணம் கழுத்துவரை தண்ணீரில் முங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, நாலைந்து இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கோவில்பட்டியில் வேலைக்குக் காத்திருந்தேன். (காத்திருந்தேன் என்பது என் சொல். அம்மா சொல்வது: "தெருவ அளந்துக்கிட்டு கிடக்கான்.") பகல் முழுக்க நூலகம். தேனீ வளர்ப்பு, ஹோமியோபதி, ரேடியோ பழுது பார்த்தல், தூண்டில் மீன்பிடிப்பு என்று கையில் கிடைத்ததெல்லாம் படிப்பேன். எந்த விஷயமானாலும் பத்துப் பக்கம் படித்தால் போதும், பதினோராவது பக்கத்தை நானே எழுதிவிடலாம் என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

அக்கா செல்வி ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். அவளுக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையோர ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, எல்லா முடிவும் தாய்மாமா கையில். பெயர் சுடலைமுத்து. உப்பளத்தில் மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலோடு கடலோரம் போய் உட்கார்ந்துவிடுவாராம்.

தரகர் முன்னாலேயே எச்சரித்திருந்தார். "அண்ணாச்சி, அவரு ரெண்டு எடத்த வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்காரு. ஒரு வீட்டுல வாடக வீட்டச் சொந்த வீடுன்னு சொல்லிட்டாவ. இன்னொரு வீட்டுல கடை முறுக்க பொண்ணு சுட்டதுன்னுட்டாவ. தப்பு சின்னதுதான். ஆனா சொன்னது ஒண்ணு, இருந்தது ஒண்ணுன்னா அவருக்கு ஆகாது."

இதைக் கேட்டு அப்பா எந்த அளவுக்கு மிரண்டார் என்றால், பெண் பார்க்க வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே, "இந்த நாலு நாற்காலியும் பக்கத்து வீட்டுது, இந்த ஃபேன் மட்டும் எங்களுது" என்றார். சுடலைமுத்து மாமாவின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. காரியம் முடிந்த மாதிரிதான். காபியைக் குடித்துவிட்டுப் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மீனே இல்லாத கரிசக்காட்டுல எப்படித்தான் இருக்கீங்களோ."

யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன்.

"என்ன மாமா இப்படிச் சொல்லிட்டீங்க? எப்போதும்வென்றான் ஊருக்குப் போற வழியில ஒரு கண்மாய் இருக்கு. விரால் முழங்கை நீளத்துக்குக் கிடக்கு. வார ஞாயித்துக்கிழமை வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

நான் முழுப்பொய் சொல்லவில்லை என்று என் தரப்பில் ஒரு வாதம் உண்டு. நாலு நாள் முன்பு பஸ்ஸில் போகும்போது அந்தக் கண்மாயைப் பார்த்திருந்தேன். இரண்டு வருடமாகப் பொட்டலாகக் கிடந்த இடம், ஒரே இரவில் பெய்த கோடை மழையில் கரை முட்ட நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் முழுக்கக் குமிழிகள். ஓரத்தில், நடுவில், தூரத்தில், எங்கு பார்த்தாலும் புளுக், புளுக். குமிழி வரும் இடத்தில் மீன் இருக்கும் என்று நான் படித்த புத்தகத்தில் போட்டிருந்தது. விரால் காய்ந்த சேற்றுக்குள் தூங்கும், தண்ணீர் வந்தால் எழுந்துவிடும் என்றும் வேறெங்கோ படித்திருந்தேன். இரண்டையும் கூட்டினேன். விடை முழங்கை நீளத்தில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை மாலையே மாமா சொந்தத் தூண்டில்களோடு வந்து இறங்கினார். அம்மா பக்கத்துத் தெருவரைக்கும் போய்ப் பெரிய மண்சட்டி வாங்கி வந்து வைத்தாள். ஞாயிறு விடிவதற்கு முன்பே புளியை ஊறப்போட்டு மசாலாவும் அரைத்துவிட்டாள். நான் அப்பாவின் மொபெட்டில் இரண்டு சாக்குகளைக் கட்டினேன். (ஒரு சாக்கு பத்தாது என்று சொன்னதும் நான்தான்.)

கிளம்பும்போது, மாமா என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். நெசமாவே மீனு உண்டா? இல்லைன்னா இல்லைன்னு இப்பமே சொல்லிரு. நான் கடலோரத்துக்காரன், வெறுங்கையோட வீடு திரும்பினது ஆயிரம் நாளு இருக்கும். மீனு இல்லைன்னு நான் கோவிக்க மாட்டேன்."

எவ்வளவு அகலமான கதவு. அதில் நான் மொபெட்டோடு நுழைந்து வெளியே போயிருக்கலாம்.

"கண்ணால பாத்தேன் மாமா" என்றேன்.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். போன முறை பார்த்த கண்மாய்தான். ஆனால் பஸ் சத்தமும் மத்தியான வெயிலும் இல்லாமல் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முதலில் தெரிந்தது அந்த வண்டிப்பாதை. கரையிலிருந்து இறங்கி, இரண்டு சக்கரத் தடமும் அப்படியே நேராகத் தண்ணீருக்குள் போயிற்று. எதிர்க்கரையில், வெகு தூரத்தில், அதே பாதை தண்ணீரிலிருந்து வெளியே ஏறிப் போயிற்று. நடுவில் எங்கே போனது என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. பாதி உயரத்துக்கு முங்கிய கருவேல மரங்கள் கறுப்புத் தண்ணீரில் தங்கள் நிழல் மேலேயே நின்றுகொண்டிருந்தன. காற்று கிடையாது. ஓர் இலைகூட ஆடவில்லை.

மாமா கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"கொக்கு ஒண்ணுகூட இல்லையே தம்பி."

"விடிஞ்சும் விடியாம இருக்குல்லா மாமா."

"கொக்குக்கு இதுதான நேரம்."

நான் மண்புழு இருந்த கொட்டாங்கச்சியை எடுத்து மும்முரமாக எதையோ தேடினேன். உண்மையில் ஒரு கொக்கு இல்லை. நாரை இல்லை. மீன்கொத்தி இல்லை. நீர்க்காக்கை இல்லை. அத்தனை பெரிய தண்ணீர்ப் பரப்பில் பசியுள்ள உயிர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். ஊரிலுள்ள பறவைகள் எல்லாம் கூடிப் பேசி அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்த மாதிரி இருந்தது.

ஆனால் குமிழிகள் இருந்தன. போன முறையைவிடக் குறைவு, இருந்தாலும் இருந்தன. "பாருங்க மாமா" என்று காட்டினேன். அவர் பார்த்தார். நானும் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். குமிழிகள் கண்ட இடத்தில் வரவில்லை. கோடாக வந்தன. ஒன்று, அடுத்து ஒரு முழம் தள்ளி இன்னொன்று, அடுத்து இன்னொன்று. வளைந்தன. ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிந்தன. தண்ணீருக்கு அடியில் யாரோ நிதானமாக நடந்து போகிற மாதிரி. அதில் ஒரு கோடு நாங்கள் நின்ற கரையை நோக்கி வந்தது. என் காலுக்கு இரண்டு முழம் முன்னால் வந்து, புளுக் என்று ஒன்று விட்டுவிட்டு, நின்றது.

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"மீனு இப்படி வரிசைல போவாதே" என்றார் மாமா.

"விரால் மாமா. குஞ்சு பின்னாலயே வரும்." (பதினோராவது பக்கம்.)

ஏழு மணி. தூண்டில் மிதவைகள் ஆணி அடித்த மாதிரி நின்றன. "இன்னும் வெயில் ஏறணும் மாமா, தண்ணி சூடானாத்தான் மேல வரும்" என்றேன். எட்டு மணிக்கு அவர் கொண்டு வந்திருந்த கடம்பூர் போளியைப் பிரித்து எனக்கு ஒன்று தந்தார். அந்தச் சாப்பாட்டுச் சத்தம் கண்மாய்க்கே கேட்கும்போலிருந்தது, நான் மெல்லுவதைக் குறைத்தேன். ஒன்பது மணிக்கு, "வெயில் ஜாஸ்தி ஆயிருச்சு மாமா, இனி கொஞ்சம் இறங்கணும்" என்றேன்.

மாமா தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "உங்க ஊரு மீனுக்கு எந்த வெயிலுதான் தம்பி ஒத்துக்கும்?"

அதுதான் எனக்குக் கிடைத்த இரண்டாவது கதவு. அதையும் நான் உள்ளிருந்தே தாழ்ப்பாள் போட்டேன். இடம் சரியில்லை என்றேன். புழு சரியில்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி, மடக்கி, கண்மாயின் நீள அகலத்தைக் காட்டி, விரால் எங்கே படுத்திருக்கும், எப்போது புரண்டு படுக்கும் என்று விளக்கினேன். பேச்சு நின்றால் அந்த அமைதி வந்துவிடும் என்ற பயமும் ஒரு காரணம். பேச்சு நின்ற நேரங்களில் தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ ஆழமாக மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்தது. மாமாவுக்கும் கேட்டது. தூண்டிலை எடுத்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

பதினொன்றரை இருக்கும். நிழலே இல்லாத நேரம். மாமாவின் மிதவை இறங்கியது.

மீன் இழுத்தால் மிதவை துடிக்கும், வெடுக்கென்று முங்கும், பக்கவாட்டில் ஓடும். இது அப்படி இல்லை. நேராக, மெதுவாக, ஒரு படி, இரண்டு படி என்று இறங்கிப் போவது போல இறங்கியது. பிறகு தண்ணீருக்கு அடியில் நின்றது. சிவப்பு மிதவை அங்கிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, விரால்!" என்று கத்தினேன்.

"சும்மா இரு." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "நான் நாப்பது வருசமா தூண்டி போடுதேன். மீனு இப்படி இழுக்காது."

அவர் மெதுவாகச் சுண்டி இழுத்தார். கனமாக இருந்தது. கொஞ்சம் விட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தார். வந்தது. எதிர்க்காமல், ஆனால் வர மனமில்லாமல் வந்தது. கறுப்புத் தண்ணீரைப் பிளந்துகொண்டு முதலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

கை.

முழுக்கைச் சட்டையின் கை. மணிக்கட்டில் பட்டன் போட்டிருந்தது. அது எங்களை நோக்கி நீண்டு, கொஞ்சம் மேலே எழுந்து, யாரையோ கூப்பிடுவது போல ஒருமுறை அசைந்தது. அதற்குப் பக்கத்தில் தண்ணீர் கொப்பளித்து, ஒரு முகம் மேலே வந்தது. உருண்டையான கறுப்பு முகம். சுண்ணாம்பு வெள்ளையில் இரண்டு கண்கள், இமையில்லாமல், என்னைப் பார்த்தன.

வழிகாட்டியின் முதல் கடமை விருந்தினரின் பாதுகாப்பு. நான் படித்த புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதுதான். நான் மாமாவையும், தூண்டிலையும், இரண்டு சாக்குகளையும், ஒரு செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டுக் கரை ஏறி ஓடினேன். ஓடினேன் என்றால் கொஞ்ச தூரம்தான். கருவேல முள் செடி ஒன்று என்னைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்து நிறுத்திவிட்டது. திரும்பிப் பார்த்தால், மாமா நின்ற இடத்திலேயே நிற்கிறார். முகம் வெளுத்திருக்கிறது. ஆனால் தூண்டிலை விடவில்லை.

அப்போதுதான் கரைமேலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏ அண்ணாச்சி, மெதுவா இழுங்க. கை ஏற்கெனவே கிழிஞ்சிருக்கு. எங்க வீட்டுக்காரரு சட்டை அது."

வெள்ளாடுகள் நாலைந்துக்கு நடுவே ஓர் அக்கா குச்சியோடு நின்றிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அந்தக் கையைப் பிடித்துச் சாதாரணமாக இழுத்துக் கரையில் போட்டார். குறுக்குக் கட்டை. அதில் மாட்டிய சட்டை. தலைக்குக் கவிழ்த்த மண்சட்டி. காட்டுப் பொம்மை.

கதை பிறகு வந்தது. கண்மாய் காய்ந்து கிடந்த இரண்டு வருடமும் அவர் அதற்குள் ஓர் ஓரத்தில் வெள்ளரி போட்டிருக்கிறார். காவலுக்குப் பொம்மை. ஒரே இரவில் மழை வந்து வெள்ளரி, பொம்மை எல்லாம் முங்கிவிட்டது. மண் இளகி இளகி, அன்றைக்குத்தான் கம்பு சாய்ந்திருக்கிறது. சாயும்போது மாமாவின் தூண்டிலையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"ஏம்மா, இதுல மீனு கிடையாதா?" என்று மாமா கேட்டார்.

"மீனா? இதுக்கா காலையிலேருந்து இங்கேயே உக்காந்திருக்கீங்க? போன வாரம் வந்த தண்ணி. மீனு எங்கேருந்து வரும், மேகத்துலேருந்தா?"

"அப்ப அந்தக் குமிழி?"

"வெடிப்புல்லா. கரிச மண்ணு ரெண்டு வருசம் காஞ்சா ஆள் இறங்குத அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். அதுக்குள்ள இருந்த காத்து வருது. இன்னும் நாலு நாளைக்கு மண்ணு மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கும்."

கோடு கோடாக. கிளை பிரிந்து. கரிசல் பூமியில் பிறந்து வளர்ந்த எனக்கு வெடிப்பு எப்படிப் போகும் என்று தெரியாதா? தெரியும். ஆனால் நான் புத்தகத்தில் அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காலையிலேருந்து எங்களப் பாக்குதீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று முள்ளுக்குள் இருந்தபடியே கேட்டேன்.

"பேண்ட் போட்டவிய ரெண்டு பேரு கயித்த விட்டு ஆழம் பாக்காவ, கண்மாயச் சரி பண்ண அளவு எடுக்காவன்னுலா நெனச்சேன். நீங்க வேற கைய ஆட்டி ஆட்டி அவியளுக்கு வெளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. பெரிய என்ஜினீயருன்னு நெனச்சிட்டேன்."

சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ஆடுகளோடு அவர் போய்விட்டார். மாமா தூண்டிலை நிதானமாகச் சுற்றி வைத்தார். என் ஒற்றைச் செருப்பை எடுத்து வந்து என் காலருகே போட்டார்.

"தம்பி, கிளம்பும்போது நான் உங்கிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"சரி. வண்டிய எடு."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பக்கமும் வெறும் கரிசல் காடு, வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பது மாமாதானா அல்லது அந்தச் சட்டையா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். வாடகை வீடு. கடை முறுக்கு. மூன்றாவது விரால். அக்காவின் கல்யாணத்தை நிறுத்தியவன் என்று ஆயுசுக்கும் என்னைக் காட்டிச் சொல்வார்கள்.

வீட்டு வாசலில் அம்மா முறத்தோடு நின்றாள், மீனை அதில் வாங்கிக்கொள்ள. மடித்தபடியே இருந்த சாக்குகளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அப்பா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அக்காதான் செம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"கை கழுவிட்டு உக்காருங்க மாமா. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இருக்கு."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "அதுக்குள்ள எப்பம்மா வச்ச?"

"நீங்க வண்டிய எடுத்ததுமே நறுக்க ஆரம்பிச்சிட்டேன்."

"ஏன், தம்பிமேல நம்பிக்கை இல்லையா?"

"தம்பிய நம்புவேன் மாமா. அவன் சொல்லுதத நம்ப மாட்டேன்."

மாமா இலை முன்னால் உட்கார்ந்தார். அக்கா சோற்றைப் போட்டுவிட்டு, குழம்புக் கரண்டியை இலைக்கு மேலே நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லிருதேன் மாமா. மீன் குழம்ப நெனச்சுக்கிட்டுச் சாப்பிடாதீங்க, ஏமாந்து போவீங்க. உப்பும் ஒரு கல்லு கூடிப்போச்சு. சோறு நெறைய வச்சுப் பெசைங்க, சரியா இருக்கும்."

அம்மா அடுப்படியில் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமா பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். அதன் பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அப்பா பேப்பரை இறக்கினார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கல்லுதாம்மா கூட. சரியாச் சொன்ன." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "மச்சான், நாளு பாருங்க. ஆனா ஒண்ணு, கல்யாணத்துல எந்தப் பந்திக்கும் இவன் வந்து, 'இன்னும் பத்து நிமிசம்'னு சொல்லப்படாது."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. என்னைச் சந்தனம் கொடுக்க நிறுத்தியிருந்தார்கள். வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை. பெண்ணின் தம்பிக்கு மாப்பிள்ளை வீட்டார் துணி எடுத்துக் கொடுக்கும் நேரம் வந்தது. மாமா தானே மேடையேறி ஒரு பெட்டியைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். வெள்ளை முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் பட்டன் போட்டே மடித்திருந்தார்.

"கை கிழியாம பாத்துக்க தம்பி" என்றார். மாப்பிள்ளை வீடு மொத்தமும் சிரித்தது. கதை எனக்கு முன்னாலேயே மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அதிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி அவரிடமிருந்து ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை வருகிறது. எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, சட்டை நிற்கவில்லை. அலமாரியில் எட்டு தொங்குகின்றன. ஒன்றைக்கூட நான் போட்டதில்லை. எங்கள் வீட்டில் யாராவது, "இந்தா வந்துட்டேன், அஞ்சே நிமிசம்" என்று போனில் சொன்னால், அக்கா பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "ஏலே, மீனா, குமிழியா?"

மழைக்காலத்தில் ஈரத்துக்கு அந்த அலமாரிக் கதவு உப்பி, சில நேரம் தானாகத் திறந்துகொள்கிறது. காற்று உள்ளே போகும்போது பதினாறு கைகளும் கொஞ்சமாக எழுந்து, முன்னால் நீண்டு, அசைகின்றன. என் மனைவி கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போய்விடுவாள். நான் தனியாக இருந்தால் மட்டும், சாத்துவதற்கு முன்னால், அந்தச் சட்டைகளைப் பார்த்து மெதுவாகச் சொல்வேன்.

"மீன் இல்லை, மாமா."